நிலுவையில் ஒரு கட்டில்

ஜேக்கப்பை அடக்கம் செய்த மூன்றாவது வாரம், துவாக்குடியில் செல்லக்கண்ணுவின் பட்டறையில், ஓர் உரத் தொழிற்சாலைக்குப் போகவேண்டிய வால்வுக்கு ஜேக்கப்பே வெல்டிங் வைத்திருந்தார். தடத்துக்குப் பக்கத்தில், எப்போதும்போலக் கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்து, பதினேழு என்ற அவருடைய எண் பதிந்திருந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். குறை ஒன்றும் இல்லை. சங்கிலியும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது.

இந்த எண் விஷயத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். நீராவி ஓடும் இரும்பில் யார் வெல்டிங் வைத்தாலும், தடத்துக்குப் பக்கத்தில் தன் எண்ணை, பஞ்ச் எனும் எண் வெட்டிய இரும்பு அச்சால் அடித்துப் பதிக்க வேண்டும். எத்தனை வருஷம் கழித்து எந்த ஊரில் அது விட்டுப்போனாலும் இன்னார் கை என்று தெரிய வேண்டும் என்பதற்காக அந்தப் பக்கத்துப் பட்டறைகளில் வைத்திருக்கும் வழக்கம் இது. ஒரு வெல்டர் விலகிப் போனாலோ இறந்துபோனாலோ அவர் எண்ணை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டார்கள். அவருடைய பஞ்ச்சை எல்லோர் முன்னாலும் கிரைண்டரில் பிடித்து மழுக்கிவிடுவார்கள். ஜேக்கப் மாரடைப்பில் போன அன்று சாயங்காலமே அதைச் செய்து முடித்தார்கள். மழுங்கிய பஞ்ச்சை செல்லக்கண்ணு தானே பாலக்கரைக்குக் கொண்டுவந்து, ஜேக்கப்பின் மனைவி அக்னஸின் கையில் கொடுத்தார். அவள் அதைப் பெட்டிக்குள் படுத்திருந்தவரின் சட்டைப் பையில் வைத்தாள். பெட்டியைத் தூக்கும்போது அது பையிலிருந்து நழுவிப் பலகையில் உருண்ட சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது.

முன்பெல்லாம் பஞ்ச் ஒன்றே போதுமானதாக இருந்தது. பிறகு எவனோ போலி வால்வு செய்து, நல்ல பட்டறைகளின் எண்களை அப்படியே பார்த்து அடித்து விற்றான். வடக்கே ஓர் ஆலையில் அது வெடித்து ஆட்கள் வெந்துபோனார்கள். அதற்கப்புறம் வாங்குகிறவர்கள் எல்லோரும் பிளாக்செயின் கேட்க ஆரம்பித்தார்கள். கலையரசன் என்று ஓர் இளம் இன்ஜினியர் வந்து அதைப் பட்டறையில் ஏற்படுத்திக் கொடுத்தான். பட்டறை ஆட்கள் அதைச் சங்கிலி என்றார்கள். ஒவ்வொரு பொருளிலும் ஒரு தகரச் சீட்டு அறையப்பட்டிருக்கும், அதில் கட்டம் கட்டமாக ஒரு குறி. இரும்பு உருக்காலையை விட்டுக் கிளம்பியதிலிருந்து, யார் வெட்டினார், யார் வெல்டிங் வைத்தார், யார் சோதித்தார் என்று கை மாறும்போதெல்லாம் சங்கிலியில் ஒரு வரி ஏறும். கொடுக்கிறவர் ரேகை வைக்க வேண்டும், வாங்குகிறவரும் ரேகை வைக்க வேண்டும். இரண்டும் விழுந்தால்தான் வரி முடியும். அதன் நகல் உருக்காலையில் ஒன்று, சென்னையில் சோதனைக் கம்பெனியில் ஒன்று, புனாவில் வாங்குகிறவரிடம் ஒன்று என்று பல இடங்களில் இருந்ததால் யாரும் தனியாக எதையும் மாற்றிவிட முடியாது. தப்பாக ஏறிய வரியைக்கூட அழிக்க முடியாது, கீழே இன்னொரு வரி எழுதி அது தப்பு என்று சொல்லலாம், அவ்வளவுதான். வேலையாள் விலகுவதற்கும் இரண்டு ரேகை வேண்டும் என்று கலையரசன் விதி வைத்திருந்தான். முதலாளி பாட்டுக்கு ஒருவனை நின்றுவிட்டான் என்று எழுதிவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வைத்த விதி. சாவை அவன் யோசிக்கவில்லை, அப்போது அவனுக்கு இருபத்தாறு வயது. ஜேக்கப் ரேகை வைக்காமலே போய்விட்டதால் சங்கிலியின் கணக்கில் அவர் இன்னும் வேலையில் இருந்தார். அதனால் வேலைக்கு வந்தார்.

வந்தது மதியச் சாப்பாட்டு நேரத்தில். ஆட்கள் வேப்பமரத்தடிக்குப் போய் டப்பாவைத் திறக்கும் நேரம் பார்த்து, இறக்கிவிட்ட ஷட்டரின் இடுக்கில் நீல வெளிச்சம் துடிக்கும். ஷட்டரைத் தூக்கினால் யாரும் இருக்கமாட்டார்கள். வெல்டிங் ராடின் கடைசித் துண்டு மட்டும் தரையில் சிவந்து கிடந்து கறுக்கும். முதல் வாரம் இரண்டு பேர் லீவு போட்டார்கள். அடுத்த வாரம் அவர்களும் வந்துவிட்டார்கள், கல்யாண சீசன், கைச்செலவு இருந்தது. செல்லக்கண்ணு பங்குச் சாமியார் அமிர்தசாமியிடம் போய்க் கேட்டார். வெல்டிங்கைப் பற்றித் திருச்சபையில் விதி ஒன்றும் இல்லை என்று சாமியார் யோசித்துச் சொன்னார். மாசக் கடைசியில், கஷ்டமான ஒட்டுகளை மதியத்துக்கென்று ஒதுக்கி வைப்பதும், பக்கத்தில் ஒரு சில்வர் டம்ளரில் மோர் வைப்பதும் பழக்கமாகிவிட்டது. டம்ளர் காலியாகிவிடும். "உசிரோட இருக்கற நாம ஓ.டி. கேட்டா மூஞ்சியச் சுளிக்கிறாரு, செத்தவருக்கு மோரு வைக்கிறாரு" என்று மரத்தடியில் ஒருவன் சொன்னான். மற்றவர்கள் சிரித்தார்கள், ஆனால் ஷட்டர் பக்கம் பார்த்துச் சிரிக்கவில்லை.

அக்னஸுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அவள் ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். காலையில் பாலக்கரையில் பஸ் ஏறி, காவிரிப் பாலத்தைத் தாண்டி, நாள் முழுக்க மற்றவர்களின் கண்ணுக்கு முன்னால் கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து இப்போது தெரிகிறதா, இப்போது தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். பெருமாளின் திருமுகமண்டலம் தூரத்திலிருந்தே சேவையாக வேண்டும், அந்த மாதிரி போட்டுக் கொடு என்று கேட்கும் வயதான மாமிகளுக்கு அவளைத்தான் பிடிக்கும். சாயங்காலம் அதே பாலம், அதே பஸ். மகன் பெனடிக்ட் ஓமனிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பேசுவான். மற்ற நாட்களில் அந்த வீட்டில் பேச்சு என்று ஒன்று கிடையாது. ஜேக்கப் இருந்தபோதும் அதிகம் கிடையாது. அவர் வேலை விட்டு வந்ததும் உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி இரண்டு கண்ணிலும் வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிடுவார், வெல்டிங் வெளிச்சம் பட்ட கண்ணுக்கு அதுதான் மருந்து. நறுக்கிக் கொடுப்பது அக்னஸ். காய்ந்த வட்டங்களை எடுத்துப் போடுவதும் அவள்தான். முப்பது வருஷக் குடித்தனம் பெரும்பாலும் இப்படியே நடந்தது.

கட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் ஸ்ரீரங்கத்தில் ஒரு பழைய லாட்ஜை மூடியபோது விலைக்குக் கொடுத்த இரும்புக் கட்டில் அது. ஜேக்கப் அதைத் தட்டுவண்டியில் ஏற்றி, பாலத்தின் மேல் தானே தள்ளிக்கொண்டு வந்தார். பல வருஷத்துக்கு முன்னால் அவர் படுக்கும் பக்கத்துக் கால் ஒன்று மூட்டில் விட்டுவிட்டது. கீழே செங்கல்லை அண்டக் கொடுத்தார்கள். வால்வுக்கும் பாய்லருக்கும் வெல்டிங் வைக்கிறவர் சொந்தக் கட்டிலுக்கு வைக்கக்கூடாதா என்று அக்னஸ் கேட்கும்போதெல்லாம் "ஞாயித்துக்கிழம பாக்கலாம்" என்பார். ஞாயிற்றுக்கிழமை வரும், பூசைக்குப் போவார், கறி வாங்கி வருவார், தூங்குவார். திரும்பிப் படுத்தால் கட்டில் ஒருமுறை ஆடி நிற்கும். அவர் போன பிறகும் அவள் தன் பக்கத்திலேயே படுத்தாள். அவள் திரும்பிப் படுத்தபோதும் அது ஆடியது.

விஷயத்தைச் சொன்னது பக்கத்து வீட்டு ஆபிதா. அவள் கணவன் அதே பட்டறையில் கிரைண்டிங் வேலை பார்ப்பவன், வீட்டில் வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

"அக்னஸக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அண்ணன் வேலைக்கு வந்துட்டிருக்காராம்."

அக்னஸ் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். போட்ட துணியை இழுத்துச் சரிசெய்தாள். இன்னொன்றை எடுத்துப் பிழிந்தாள். அதையும் போட்டு முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"வேலைக்குப் போக வழி தெரியுது" என்றாள். "வீட்டுக்கு வர வழி தெரியல."

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டுத் துவாக்குடி பஸ் ஏறினாள். மதியம் ஷட்டருக்கு வெளியே நின்றாள். வெளிச்சம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் போனாள். உள்ளே ஒரு மூலையில் பெஞ்சு போட்டு உட்கார வைத்தார்கள், மோர் டம்ளர் நிறைந்தபடியே இருந்தது. அந்த வாரம் முழுக்க அவள் வந்தாள், ஜேக்கப் வரவில்லை. உரத் தொழிற்சாலை வேலை தேங்கியது. செல்லக்கண்ணு நல்ல மனிதர், சொல்ல வாயெடுத்து இரண்டு நாள் சொல்லாமல் இருந்தார். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "தங்கச்சி, நீங்க வந்தா அவரு வரமாட்டேங்கறாரு" என்றார். அக்னஸ் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பஸ் ஸ்டாப்பில் வெயிலில் நின்றபோது தூரத்தில் பட்டறைக் கூரையின் இடுக்கில் நீல வெளிச்சம் அடித்ததைப் பார்த்தாள். பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு வந்தது துக்கம் அல்ல, அடக்கத்தன்றுகூட வராத ஒரு கோபம். பாலக்கரை வரும்வரை அது இருந்தது. வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியதும் கோபப்பட யாரும் இல்லை என்று தெரிந்துபோயிற்று.

ஐப்பசியில் இன்னொரு செய்தி வந்தது. வெல்டர்கள் எல்லோரும் சில வருஷத்துக்கு ஒருமுறை சோதனைக் கம்பெனி ஆள் கண்ணெதிரே ஒரு துண்டில் வெல்டிங் வைத்துக் காட்டித் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். ஜேக்கப்பின் சான்று டிசம்பரோடு முடிகிறது. யார் கண்ணெதிரேயும் அவர் வரப்போவதில்லை, எனவே ஜனவரி முதல் பதினேழாம் எண்ணைச் சங்கிலி ஏற்காது. இதையும் ஆபிதாதான் வந்து சொன்னாள். ஒருவர் கை வைத்த வேலையை அவர்தான் முடிக்க வேண்டும், சான்று முடிந்தாலும் அந்த வேலை முடியும்வரை அவருக்கு இடம் உண்டு என்ற பட்டறைப் பழக்கத்தையும் கலையரசன் சங்கிலியில் எழுதியிருக்கிறான் என்று, ஆபிதாவின் கணவன் வேறு எதையோ சொல்லும்போது இடையில் சொன்னான். அதை மட்டும் அவள் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு, மதியம் அல்லாத ஒரு நேரம் பார்த்து, பட்டறையின் கண்ணாடி அறையில் கலையரசன் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"தம்பி, எங்க வீட்டுல ஒரு கட்டில் இருக்கு. கால் விட்டுப்போச்சு. அத உங்க சங்கிலியில ஏத்தணும்."

"கட்டிலுக்கெல்லாம் போடறதில்லம்மா. வால்வுக்குத்தான்."

"ஏன், அதுவும் இரும்புதானே?"

கலையரசன் பேனாவை மூடினான், திறந்தான். "பொய்யா ஒரு வரி ஏறிடுச்சுன்னா நானே நெனச்சாலும் அழிக்க முடியாதும்மா. புனாவுல கேப்பாங்க, சென்னையில கேப்பாங்க. அப்புறம் மத்த வரியையும் யாரும் நம்பமாட்டாங்க."

"இதுல பொய் எங்க இருக்கு? கட்டில் இருக்கு. கால் ஒடஞ்சிருக்கு. வேலை கொடுக்கறவ நான் உக்காந்திருக்கேன்." மேசைமேல் இருந்த கணினியைக் காட்டினாள். "வெல்டரும் உங்க சங்கிலியில இருக்காருல்ல?"

அவன் கணினித் திரையைப் பார்த்தான். அதில் பதினேழுக்கு நேரே 'பணியில்' என்று பச்சையாக இருந்தது. வெளியே யாரோ கசடு தட்டிக்கொண்டிருந்தார்கள். வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றான் கடைசியில்.

அவன் துவாக்குடியில் ஒரு லாட்ஜ் அறையில் தனியாக இருப்பவன், யார் வீட்டுக்கும் அதிகம் போகிறவன் இல்லை. ஒரு சாயங்காலம் பாலக்கரைக்கு வந்தான். கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் குனிந்து பார்த்தான். கட்டில் கால் ஊன்றி ஊன்றிச் செங்கல்லில் உள்ளங்கை அளவுக்குக் குழி விழுந்திருந்தது. சட்டத்தைப் பிடித்து மெல்ல அசைத்தான். அது ஆடி நின்றது. எத்தனை நாளா இப்படி என்று கேட்டான். "ஞாயித்துக்கிழம பாக்கலாம்னாரு" என்றாள் அக்னஸ். அவன் பையிலிருந்து ஒரு தகரச் சீட்டை எடுத்துத் தலைமாட்டுச் சட்டத்தில் அறைந்தான். போனில் பொருள் என்ற இடத்தில் இரும்புக் கட்டில் என்றும், இடம் என்ற இடத்தில் வீட்டு விலாசத்தையும், வெல்டர் என்ற இடத்தில் பதினேழு என்றும் எழுதினான். அவளுடைய ரேகையை வாங்கிக்கொண்டான். புனாவிலும் சென்னையிலும் உருக்காலையிலும் இருந்த நகல்கள் அந்த வரியை ஏற்றுக்கொண்டன, அதில் பொய் எதுவும் இல்லாததால்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அக்னஸ் பூசைக்குப் போகவில்லை. நல்ல புடவை கட்டிக்கொண்டு, கறிக்குழம்பு வைத்து, நாற்காலியைக் கட்டிலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். பெனடிக்ட் போன் செய்தபோது தலைவலி என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்தாள். அன்றும் இல்லை. மூன்றாவது ஞாயிறு திருவருகைக் காலம் தொடங்கியிருந்தது. வராதவருக்காகப் பூசையை விடுவதா என்று சகாய மாதா கோவிலுக்குப் போய்விட்டாள். நற்கருணை வாங்கித் திரும்பி, கடையில் கறி வாங்கி, வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தாள். இரும்பு எரிந்த வாடை அடித்தது. செங்கல் சுவரோரம் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. கட்டில் நான்கு காலிலும் நின்றது. மூட்டில் தடம் மீன் செதில்போல ஒழுங்காக அடுக்கியிருந்தது, பக்கத்தில் இடதுபக்கம் சாய்ந்து பதினேழு. தொட்டாள். சூடு இருந்தது.

அதற்கப்புறம்தான் சுவரைப் பார்த்தாள். அங்கே மாட்டியிருந்த கல்யாண போட்டோ, முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டப்பட்டிருந்தது.

அக்னஸ் கட்டிலில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி இரண்டு மாசத்தில், சொல்லாமல் கொள்ளாமல் அவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு துவாக்குடிக்குப் போனது ஞாபகம் வந்தது. தெரியாமல் வெல்டிங் வெளிச்சத்தை நேராகப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வருவதற்குள் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல ஆகி, இமை வீங்கி மூடிக்கொண்டது. அன்று உருளைக்கிழங்கை நறுக்கியது ஜேக்கப். ஒன்று காய்ந்ததும் ஒன்று மாற்றி மாற்றி வைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "நான் வேல செய்யற எடத்துக்கு இனிமே வராத. உன் கண்ணு வேணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவள் அப்புறம் போகவே இல்லை, ஏன் போகவில்லை என்பதும் நாளடைவில் மறந்துபோயிருந்தது. போட்டோவை நேராகத் திருப்பி மாட்டினாள். அதில் இருபத்திரண்டு வயதுக் கண்கள் பத்திரமாக இருந்தன.

போனில் ஒரு செய்தி வந்திருந்தது. வேலை முடிந்தது, பெற்றுக்கொண்டதை உறுதி செய்யவும் என்று இருந்தது. கீழே இரண்டு கட்டங்கள், ஒன்று உறுதி, ஒன்று மறுவேலை. ரேகையை வைத்தால் வரி முடியும். வரி முடிந்தால் டிசம்பரோடு பதினேழும் முடியும். அவள் மறுவேலையை அழுத்தினாள். காரணம் எழுதவும் என்று கேட்டது. 'லேசாக ஆடுகிறது' என்று எழுதினாள். ஆடவில்லை. சங்கிலியில் ஏறிய முதல் பொய் அதுதான், அழிக்க முடியாமல் இன்னமும் அங்கே இருக்கிறது.

அடுத்த ஞாயிறு அவள் கோவிலுக்குப் போகும்முன், போட்டோவைத் தானே திருப்பி வைத்தாள். ஒரு தட்டில் இரண்டு உருளைக்கிழங்கு வட்டங்களை நறுக்கி நாற்காலியின் கைமேல் வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது அவை கறுத்துக் காய்ந்து, நடுவில் குழிந்து, தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன. எடுத்துப் போட்டாள்.

ஜனவரியில் பட்டறை வேலைகள் வேறு வெல்டர்களுக்குப் போயின. மோர் டம்ளர் நிறைந்தபடியே இருக்க, இரண்டு நாள் பார்த்துவிட்டுச் செல்லக்கண்ணு அதை எடுத்துவிடச் சொன்னார். பாலக்கரையில் மட்டும் வேலை நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை நேரத்தில் அந்தச் சந்தில் கரண்டு இழுக்கும், மின்விசிறிகள் தளரும். "ஒங்க வீட்டுக்காரரு வந்துட்டாருன்னு எங்க மிக்ஸி சொல்லிருது, அந்த நேரத்துல மசாலா அரைக்க முடியல" என்று ஆபிதா சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு சனிக்கிழமையே அரைத்து வைக்கப் பழகிக்கொண்டாள். ஆயுள் முழுக்க ஒரு ஒட்டுகூடத் திரும்பி வராத மனுஷனைப் பெண்டாட்டி வாராவாரம் ரிஜெக்ட் செய்கிறாள் என்று வேப்பமரத்தடியில் பேசிச் சிரித்தார்கள். அங்கே கல்யாணமானவர்கள் அதிகம், இதில் அவர்களுக்கு ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

மறுவேலைக்கான காரணங்கள் மெதுவாக நீண்டன. முதல் வருஷம் சத்தம் வருகிறது, கால் சமமாக இல்லை என்பதுபோல இருந்தன. இரண்டாம் வருஷம், கால் சரி, ஆனால் மழையில் பின்சுவர் ஊறுகிறது என்று எழுதினாள். பெனடிக்ட்டுக்குப் பெண் பிறந்திருக்கிறது, ஜெஸ்லின் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், மூக்கு உங்களுடையது என்று எழுதினாள். கடையில் வில்லை மாற்றி மாற்றி வைக்கும்போது, தெரிகிறது தெரிகிறது என்று ஒரு மாமி அழுதுவிட்டாள், யாரை நினைத்தாளோ என்று எழுதினாள். முப்பது வருஷத்தில் நாற்காலியைப் பார்த்துச் சொல்லாததெல்லாம், காரணம் என்ற அந்தச் சின்னக் கட்டத்துக்குள் போயிற்று. நகல்கள் எல்லா ஊரிலும் அதை ஏற்றுக்கொண்டன. சோதனைக் கம்பெனியிலிருந்து வருஷா வருஷம் ஆள் வந்து, முடியாமல் கிடக்கும் இந்த ஒரு வரி என்ன என்று கேட்பான். வேலை கொடுத்தவருக்குத் திருப்தியில்லை என்பான் கலையரசன். பொருள் உண்மையானதுதானா என்று அவன் கேட்பான். பொருளில் சந்தேகமே இல்லை என்பான் கலையரசன். வந்தவன் குறித்துக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போவான்.

இப்போது அந்தக் காலின் மூட்டு வெல்டிங் மேல் வெல்டிங்காகத் தடித்து ஒரு பலாக்கொட்டையளவு புடைத்திருக்கிறது. வீடே இடிந்தாலும் அந்தக் கால் நிற்கும். போன ஞாயிறும் அக்னஸ் பூசை முடிந்து வந்து, போட்டோவை நேராக்கி, தட்டை எடுத்து வைத்துவிட்டு, மூட்டின்மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். சூடு தணிய வெகுநேரம் ஆயிற்று. தணிந்த பிறகு போனை எடுத்து, மறுவேலையை அழுத்தி, காரணம் எழுதினாள். 'அப்படியேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.'